தலையான பாவங்களும் தேயிலைத் தோட்டமும்: ஊவா மலையகத்தில் ஓர் அறப்பட்டியலின் வரலாறு

கத்தோலிக்க ஞானோபதேச நூல்களிலே ‘தலையான பாவங்கள் ஏழு’ என்றொரு பட்டியல் உண்டு. அகங்காரம், உலோபம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல் என்பன அவை. அவற்றுக்கு எதிராக நிறுத்தப்படும் புண்ணியங்கள் முறையே தாழ்ச்சி, உதாரம், கற்பு, பொறுமை, மட்டசனம், பிறர்சிநேகம், சுறுசுறுப்பு. தமிழ்க் கத்தோலிக்கச் சிறுவர் பல தலைமுறைகளாக மனனஞ் செய்து ஒப்புவித்து வந்த இப்பட்டியலைச் சமய வாய்பாடென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் ஓர் அறப்பட்டியல் எதனைச் சொல்கின்றது என்பதைப் போலவே, அது யாரால், யாரை நோக்கி, எத்தகைய உற்பத்தி உறவுகளின் நடுவே சொல்லப்படுகின்றது என்பதும் வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியது. பெரகல, ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளை எனத் தொடரும் ஊவா மலையகத்தின் தோட்ட வாழ்வை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரையில் எழுப்ப முற்படுகின்றோம். தோட்டத் தொழிலாளருள் கிறித்தவர் என்றும் சிறுபான்மையினரே என்பதை நாம் மறக்கவில்லை. மாரியம்மன் கோயிலை நடுவாகக் கொண்ட சமுதாயம் அது. இருந்தபோதிலும் தோட்டத்தை ஆண்டவர்களின் அறமொழி கிறித்தவ மொழியாக இருந்தமையால், அப்பட்டியலின் நிழல் திருமுழுக்குப் பெறாதோர் மீதும் விழுந்தது.

பட்டியலின் தோற்றத்தை முதலில் நோக்குவோம். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தனித்து வாழ்ந்த துறவியருள் ஒருவரான ஏவாகிரியுஸ் (இறப்பு 399) தம் உள்ளத்தைக் குலைக்கும் எண்ணங்களை எட்டு என வகுத்தார். யோவான் கசியானுஸ் அவ்வகுப்பை மேற்குலகுக்குக் கொண்டுசென்றார். 590 முதல் 604 வரை பாப்பரசராயிருந்த பெரிய கிரகோரியார் அகங்காரத்தை எல்லாவற்றுக்கும் வேராகத் தனியே வைத்து ஏனையவற்றை ஏழாக ஒழுங்குபடுத்தினார். இன்று நாம் அறியும் ஏழு இவற்றிலிருந்து படிப்படியாக உருப்பெற்றவை. இவ்விடத்து மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இப்பட்டியல் ஒருவன் தன்னைத் தானே சோதிப்பதற்கெனத் தோன்றியது. அண்டை வீட்டானையோ வேலையாளையோ எடைபோடும் கருவியாக அதனைப் பாலைவனத் துறவியர் ஆக்கவில்லை.

சோம்பல் என நாம் மொழிபெயர்த்துக் கொண்ட குற்றம் இவ்வகையில் சுவையான வரலாறுடையது. அதன் கிரேக்கப் பெயர் ‘அக்கேடியா’. நண்பகல் வேளையில் துறவியைப் பற்றும் ஒருவித மனச்சோர்வை அது குறித்தது. சூரியன் நகராது நிற்பதுபோல் தோன்றும். அறையை விட்டு எங்கேனும் போய்விடலாமா என மனம் ஏங்கும். வேண்டுதலில் பற்றற்றுப் போகும். செய்ய ஏற்ற கடமையின்மீது அக்கறையறுதலே அதன் உட்பொருள். கூலிக்கு உழைப்பவன் போதிய வேகத்தில் உழைக்கவில்லை என்ற குறைபாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. முதலாளித்துவ வளர்ச்சியோடுதான் அச்சொல்லின் பொருள் வேலைத்தலத்தின்பால் நகர்ந்தது. மாக்ஸ் வெபர் 1905இல் எடுத்துக்காட்டிய புரொட்டஸ்தாந்து ஒழுக்கத்தின் உழைப்பு வழிபாடு அந்நகர்வின் ஒரு முகம்.

தமிழுக்கு இவ்வறமொழி வந்த வழியும் நோக்கற்பாலது. அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அதனையடுத்து 1580இல் கொச்சியில் வெளிவந்த ‘கொம்பெசியொனாயரு’ பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தஞ் செய்வோனுக்கு வழிகாட்டும் நூல். தமிழ் அச்சுக் கலையின் தொடக்க நூல்களுள் ஒன்று தன்னைத் தானே விசாரித்துக் கொள்ளும் முறையைக் கற்பிப்பதாக அமைந்தது நினைவுகூரத்தக்கது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வழங்கத் தொடங்கிய இம்மொழி பின்னர் மன்னார், யாழ்ப்பாணம், மலையகம் எனப் பரவிற்று.

மொழிபெயர்ப்பு எதுவும் வெறுங்கையோடு வருவதில்லை. ‘மட்டசனம்’ என்பது மட்டான அசனம் எனத் தெளிந்த பொருள் தரும் அழகிய கூட்டுச்சொல். ‘கற்பு’ அத்தகையதன்று. இருபாலார்க்கும் பொதுவாக விதிக்கப்பட்ட புலனடக்கம், தமிழில் பெண்ணுக்கு மாத்திரம் உரியதாகக் கருதப்பட்டுவந்த ஒரு சொல்லுக்குள் வைக்கப்பட்டது. ‘தாழ்ச்சி’யோ மேலும் சிக்கலானது. சாதியடுக்கிலே தாழ்ந்தோர் எனப்பட்டவரே பெருந்தொகையினராய்க் கடல் கடந்த தோட்டத்தில் அச்சொல் புண்ணியத்தின் பெயராகவும் பிறப்பின் பெயராகவும் ஒருங்கே ஒலித்தது. ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவனிடம் தாழ்ச்சியைக் கோருவதில் உள்ள முரண் இலத்தீன் மூலத்தில் இல்லை. தமிழிலேதான் அது வெளிப்படுகின்றது.

வள்ளுவத்தோடு ஒப்பிட்டால் இன்னொன்று புலனாகும். அடக்கமுடைமை, பொறையுடைமை, அழுக்காறாமை, வெஃகாமை, ஈகை, வெகுளாமை ஆகியவற்றை வள்ளுவர் அறத்துப்பாலில் வைத்தார். இவை ஞானோபதேசப் புண்ணியங்களுக்குப் பெரிதும் நேரானவை. மடியின்மையை மாத்திரம் அவர் அங்கு வைக்கவில்லை. 61ஆம் அதிகாரமாகிய அது பொருட்பாலின் அரசியற் பகுதியில், ஊக்கமுடைமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் நடுவே நிற்கின்றது. சோம்பலை ஆள்வோனின் குற்றமாகக் கண்ட மரபு நம்முடையது. ஆளப்படுவோனின் குற்றமாக அதனைக் காணும் பழக்கம் எங்கிருந்து வந்தது என வினவுதல் பொருத்தமே.

அதற்கான விடையைத் தேவாலயத்திற் காட்டிலும் சட்டப் புத்தகத்தில் தேடுவது பயனுடையது. கோப்பிச் செய்கை மலைநாட்டில் விரிந்த காலத்தில் இயற்றப்பட்டது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம். குடிபோதை, வேண்டுமென்றே கட்டளையை மீறல், மரியாதையீனம், கடமையில் பெருங் கவனயீனம், சொல்லாமல் வேலையை விட்டோடல் ஆகியவற்றைத் தொழிலாளி செய்தால் அவனைச் சிறையிலிட அது இடந்தந்தது. இக்குற்றங்களை ஞானோபதேசப் பட்டியலோடு ஒப்புநோக்குக. குடிபோதை போசனப்பிரியத்தின் பாற்படும், மரியாதையீனமும் கட்டளை மீறலும் அகங்காரத்தின் பாற்படும், கவனயீனம் சோம்பலே. ஏழில் மூன்று குற்றவியற் சட்டத்துள் புகுந்துவிட்டன. உலோபம் புகவில்லை. ஒருவன் தன் மனச்சான்றின் முன் ஒப்புக்கொள்ள வேண்டிய குறைகள், துரை முறையிட நீதவான் விசாரிக்கும் குற்றங்களாயின. அச்சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை நீக்கப்பட 1920களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இச்சட்டம் பிறந்ததற்குப் பதினோராண்டு முன்னர், 1854இல், தோட்டத்துரைமாரின் முயற்சியோடும் பொருளுதவியோடும் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோன்றியிருந்தது. அது சேர்ச் மிஷன் சங்கத்தைச் சார்ந்தது. எனவே கத்தோலிக்கரின் ஏழு பாவப் பட்டியலை அது வாய்பாடாக ஓதுவித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சுறுசுறுப்பு, குடியாமை, கீழ்ப்படிதல் என்ற புண்ணியங்கள் இரு சபைகளுக்கும் பொதுவானவை. துரைமாரும் அவற்றையே விரும்பினர். உபதேசியார் சம்பளத்துக்குத் துரை பணந்தரும் இடத்தில் உலோபத்தைப் பற்றிய பிரசங்கம் எத்துணை உரத்து ஒலிக்கக்கூடும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். அம்மிஷனின் பாடசாலைகளிற் பலர் எழுத்தறிவு பெற்றனர் என்பதையும், அவ்வெழுத்தறிவு துரைமார் எதிர்பாராத வழிகளிலும் பின்னர் பயன்பட்டது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. ஞானோபதேசம் வாசிக்கப் பழகிய கண் துண்டுப் பிரசுரத்தையும் வாசிக்கும்.

உலோபத்துக்குத் தோட்டத்தில் என்ன பெயர் என்று பார்ப்போம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1880களில் பல தோட்டங்களிற் கூலி மாதக்கணக்கில் நிலுவையாயிற்று. கூலியை மாதந்தோறும் கணக்கிடுமாறு விதிக்க 1889இல் தனிச்சட்டம் வேண்டியிருந்தது என்பதே அந்நிலைமைக்குச் சான்று. தேயிலை வந்தபின் தோமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைப் பகுதியில் தம்பேத்தன்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். 1893இல் புகையிரதம் ஹப்புத்தளையை எட்டியது. மறுபுறத்தில் தொழிலாளியின் கடன் ‘துண்டு’ எனும் தாளில் எழுதப்பட்டுத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறிற்று. கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கே ஆள் போவான். கங்காணிக்குத் தலைக்காசு கிடைக்கும். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ போடும் வழக்கமோ அதற்குப் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது. விடியலில் பிரட்டுக்களத்தில் நின்று, நாள் முழுவதும் மலைச்சரிவில் கொழுந்தெடுத்து, மாலையில் தராசின் முன் அரைப்பேர் பெறும் பெண்ணிடம் சுறுசுறுப்பைப் போதிப்பது எத்தகைய அறம்?

ஞானோபதேசத்திலேயே இதற்கு மறுமொழி இருந்தது என்பதுதான் வியப்பு. ஏழு தலையான பாவங்களுக்குச் சில பக்கங்கள் தள்ளி இன்னுமொரு பட்டியல் உண்டு: பழிவாங்கும்படி வானத்தை நோக்கிக் கூப்பிடும் பாவங்கள் நான்கு. அவற்றுள் ஒன்று ஏழைகளை ஒடுக்குதல். மற்றொன்று வேலையாட்களின் கூலியை வஞ்சித்தல். பின்னது யாகப்பர் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தை அடியொற்றியது. ஒரே நூலில், ஒரே குழந்தை மனனஞ் செய்யும் இரு பட்டியல்கள் இவை. ஏழின் பட்டியல் பழமொழிபோல் ஊரெங்கும் பரவியது. நான்கின் பட்டியல் பாடநூலின் பக்கங்களிலேயே தங்கிற்று. காரணம் இறையியலில் இல்லை என்பதே எம் கருத்து.

மட்டசனத்தின் கதையும் இத்தகையதே. இங்கிலாந்திலே 1830களில் மதுவிலக்கு இயக்கம் பரவியபோது அதன் கூட்டங்களில் மதுவுக்கு மாற்றாகப் பரிமாறப்பட்டது தேநீர். ஆங்கிலத் தொழிலாளியின் கிண்ணத்தில் புண்ணியத்தின் பானமாக விளங்கிய தேயிலையைப் பறித்தவர், அரசாங்கம் வருமானத்துக்காக அனுமதிப்பத்திரம் வழங்கிய கள்ளுத் தவறணைக்கும் சாராயத் தவறணைக்கும் அருகிலே குடியிருந்தனர். குடியாற் சீரழிந்த லயத்துக் குடும்பங்கள் பல. அதனை மூடிமறைக்க நாம் முற்படவில்லை. அடிவிழுவது பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமே. ஆயினும் தவறணையைத் திறந்துவைத்து வரியும் வாங்கிவிட்டு, குடித்தவனுக்கு ஒழுக்கம் போதிக்கும் ஓர் ஆட்சியின் அறவுணர்வை என்னென்பது? போசனப்பிரியம் என்ற சொல்லே 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் கொடிய நகையாயிற்று. அவ்வாண்டுகளில் தோட்டங்களின் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது.

மோகத்தைப் பற்றி ஒரு குறிப்போடு அமைவோம். துரைமாருக்கு உள்ளூர்ப் பெண்களிடம் பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கென நுவரெலியாவில் ஒரு மிஷன் இல்லமே தேவைப்பட்டது. கற்பைப் பற்றிய போதனை எப்பக்கம் நோக்கிச் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அது போதிய சான்று.

கோபமும் பொறுமையும் இன்னும் ஆழமாக நோக்கத்தக்கன. 1940ஆம் ஆண்டு ஊவாவில் நினைவுகூரத்தக்க ஆண்டு. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளர் தேர்ந்தெடுத்த சபையோடு கலந்தே நிருவாகம் நடத்தத் தோட்டத்துரை உடன்பட வேண்டியதாயிற்று. பொலிசாரின் அடக்குமுறை பின்னர் அதனை முறியடித்தது. துரையின் பார்வையில் அது கோபம் என்ற பாவமே. ஆனால் கத்தோலிக்க மரபின் தலைசிறந்த மெய்யியலாளரான அக்குவினா தோமையார், நியாயமான காரணமிருந்தும் கோபங்கொள்ளாமையும் ஒரு குற்றமே என 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருந்தார். பொறுமை என்பது அநீதியைச் சகித்துக் கிடத்தல் என்ற பொருள், மரபில் இருந்து வந்ததைக் காட்டிலும் மரபைப் பயன்படுத்தியோரிடமிருந்து வந்தது எனல் பொருந்தும்.

இனிப் பெரகலவுக்கு வருவோம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக ஏறிவரும் பெருந்தெரு பெரகலைச் சந்தியிலே பிரிகின்றது. ஒரு கிளை கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்க, மற்றையது ஹப்புத்தளைக்கு ஏறும். ஹப்புத்தளையருகே காட்டோரம் நிற்கும் கருங்கல் மாளிகை ‘அடிஷாம்’. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவராயிருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ், இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் தாம் பிறந்த கிராமத்தின் பெயரை இட்டு, அதனை 1931இல் கட்டி முடித்தார். 1960களின் தொடக்கத்தில் அது புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் மடமாயிற்று. (அங்குத் துறவியர் செய்து விற்கும் பழப்பாகை வாங்க இன்று வரிசையில் நிற்போர், போசனப்பிரியத்தைப் பற்றி அதிகம் சிந்திப்பதாகத் தெரியவில்லை.)

ஆசீர்வாதப்பரின் 6ஆம் நூற்றாண்டு ஒழுங்குநூல் சோம்பலை ஆன்மாவின் பகை என்கின்றது. அந்த 48ஆம் அதிகாரத்தை மேலும் வாசித்தால் நாளின் பொழுது கைவேலைக்கும் வாசிப்புக்குமெனப் பகுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். உழைப்பவனுக்கு வாசிக்கும் நேரம் உரியது. 33ஆம் அதிகாரம் தனியுடைமையை விலக்குகின்றது. தாழ்ச்சியைப் பற்றிய 7ஆம் அதிகாரத்தின் பன்னிரு படிகளும் மடத்திற் சேரும் எவனுக்கும் பொதுவானவை. மடாதிபதியும் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவரே. தோட்டத்தின் பிரட்டுக்களத்தையும் மடத்தின் மணியையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், இரண்டும் விடியலில் ஆளை எழுப்புகின்றன; ஒன்றில் மட்டும் எழுப்புபவனும் வேலைக்கு இறங்குகின்றான்.

இச்சபையின் சில்வெஸ்திரோ கிளை 1845 முதல் இலங்கையிற் பணியாற்றிவந்தது. கண்டி மறைமாவட்டம் நெடுங்காலம் அதன் பொறுப்பில் இருந்தது. அச்சபையைச் சார்ந்த லியோ நாணயக்கார 1959இல் கண்டி ஆயரானார். 1972இல் ஊவா தனி மறைமாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது, வசதிமிக்க கண்டியை விட்டுப் புதிதும் வறியதுமான பதுளையைத் தாமே விரும்பி ஏற்றார். அதே ஆண்டில் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டுப் பின் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி எண்ணிக்கை போட்டுப் பங்கிடப்பட்ட மக்கள், பஞ்சத்தில் தெருவுக்கு வந்த காலம் அது. பண்டாரவளையில் அவர் தொடங்கிய ‘சேவக செவன’ பழைய குருமடங்களின் மதில்களுக்கு வெளியே, மக்கள் வாழ்வின் நடுவே குருமாணவரைப் பயிற்றும் முயற்சி. 1982இல் மறையும்வரை அவர் பதுளையிலேயே பணியாற்றினார்.

அங்குப் பயிற்றுநராயிருந்தவர் மைக்கல் ரொட்றிகோ அடிகளார். ஐரோப்பாவில் உயர்பட்டங்கள் பெற்ற அவர், 1980இல் பெரகலவுக்குக் கீழ்த்திசையில், வெல்லவாயவுக்கு அப்பாலுள்ள புத்தலவில், சிங்கள பௌத்த விவசாயிகள் நடுவே ஒரு சிறு வீட்டிற் குடியேறினார். மதம் மாற்றுதல் அவர் நோக்கமாக இருக்கவில்லை. பௌத்தரோடு உரையாடுவதும் ஏழையோடு வாழ்வதுமே தாழ்ச்சியும் பிறர்சிநேகமும் என்று அவர் கண்டார். 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, திருப்பலி வேளையில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவர்கள் புதிய அறமொன்றை இயற்றியதாக நாம் கருதவில்லை. பழைய பட்டியலின் முகத்தை அவர்கள் திருப்பினர். குருக்களும் ஆயரும் மடமும் தம்மைச் சோதிக்கும் பட்டியலாக அது மீண்டும் ஆயிற்று. இதனை மிகைப்படுத்தவும் வேண்டா. எண்ணிக்கையில் அவர்கள் மிகச் சிலரே. தோட்டத்தின் உற்பத்தி உறவுகளை அவர்களால் மாற்ற இயலவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமநாட்கூலி 1984இல் வந்தது. அதனைக் கொணர்ந்தது தொழிற்சங்கப் போராட்டமேயன்றி மறையுரையன்று. நாளொன்றுக்கு 1,000 ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2021இல் சம்பளச் சபை வழியாக நிறைவேறியபோதும், தொழிலாளி போதிய அளவு கொழுந்தெடுப்பதில்லை என்ற பழைய குற்றச்சாட்டுப் புதிய கணக்கியல் மொழியில் கூடவே வந்தது.

சோம்பலுக்கு மீண்டும் வருவோம். ஏனெனில் பெரகலவிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்கும் சரிவில் அச்சொல்லுக்கு அண்மைக்கால விளக்கமொன்று உண்டு. மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் நின்ற மலை ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவுறுத்தியிருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை அம்மலை சரிந்து லயங்களை மூடிற்று. புதையுண்டோரிற் பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. எச்சரித்தும் அவர்கள் போகவில்லை என்ற பேச்சு உடனே எழுந்தது. போவதற்கு அவர்களுக்கென ஒரு பேர்ச் காணியும் இருக்கவில்லை. காணியோ தோட்டத்தினுடையது, எச்சரிக்கைக் கடிதமோ அலுவலகங்களினுடையது. அக்கேடியா என ஏவாகிரியுஸ் பெயரிட்ட அக்கறையறுதல், அந்த ஒன்பதாண்டுகளில் லயத்துக்குள்ளே இருந்ததா, அதற்கு வெளியே இருந்ததா என்பது நாம் விடை கூற வேண்டாத வினா. தப்பியோர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ ஈராண்டு ஒதுங்கியிருந்தனர். அவர்களுக்கான புதிய வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன.